கயிற்றின் நீளம் எத்தனை நிமிடம்?

மேய்ச்சலுக்குக் கட்டிய மாட்டைப் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு முளைக்குச்சி, அதிலிருந்து ஒரு கயிறு. கயிறு எட்டும் தூரத்துக்குள் மாடு தன் விருப்பப்படி மேயலாம், படுக்கலாம், அசைபோடலாம். ஏரில் பூட்டவில்லை என்பதால் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. அவிழ்த்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ராணுவத்தில் டியூட்டி போனைக் கையில் வாங்கிக்கொண்டவரின் நிலை ஏறக்குறைய இதுதான். சிப்பாயை மாட்டோடு ஒப்பிடுவதில் இளக்காரம் எதுவும் இல்லை. இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டியூட்டி போன் ஆளுக்குச் சொந்தமானது அல்ல, பொறுப்புக்குச் சொந்தமானது. எண் மாறாது; அதைச் சுமப்பவர்தான் மாறிக்கொண்டே இருப்பார். இன்று மாலை ஒருவர், நாளை மாலை இன்னொருவர். கைமாறும்போது கூடவே சார்ஜர், பதிவேடு, எந்தச் செய்திக்கு யாரை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் ஆகியவையும் கைமாறும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்திலிருந்து அடுத்த கையெழுத்து வரை அவர் குளிக்கலாம், சாப்பிடலாம், தூங்கவும் செய்யலாம். ஆனால் குளியலறைக்குள்ளும் அது கூடவே போகும்.

வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை சில்லறை விஷயங்கள். வாயிலில் அடையாள அட்டை இல்லாமல் ஒருவர் நிற்கிறார், ஜெனரேட்டர் அணைந்துவிட்டது, விடுப்பு முடிந்து வரவேண்டியவரின் ரயில் தாமதம், குடியிருப்பில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்துவிட்டது. இவற்றுக்கு நடுவில் என்றோ ஒருநாள் உண்மையான அழைப்பும் வரலாம். எது சில்லறை, எது உண்மையானது என்று மணியோசையை வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பணியின் களைப்பு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தொலைபேசி வருவதற்கு முன்பும் படைகள் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தன. முரசு, எக்காளம், பிறகு பியூகிள். ஆனால் இவற்றின் ஓசை எட்டும் தூரம் குறைவு; அதனால் சிப்பாய் பாசறைக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. விடுப்பில் ஊருக்குப் போனவரைத் திரும்ப அழைக்கத் தந்திதான் வழி. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வரும்வரை, ராணுவக் குடும்பங்கள் உள்ள ஊர்களில் தந்திக்காரரின் சைக்கிளைக் கண்டாலே வாசலில் நிற்பவர்களுக்கு முகம் மாறிவிடும். தந்திக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: வந்து சேர நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாமதம்தான் சிப்பாய்க்குக் கிடைத்த சுதந்திரம். கைப்பேசி அதை எடுத்துக்கொண்டது. பதிலுக்குப் பாசறைச் சுவருக்கு வெளியே போய் இருக்கும் உரிமையைக் கொடுத்தது. நல்ல பேரமா, கெட்ட பேரமா என்பது கயிற்றின் நீளத்தைப் பொறுத்தது.

ராணுவச் சட்டங்களுக்குக் காவலாளியை நன்றாகத் தெரியும். இந்தியாவின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, காவல் நிற்கும்போது தூங்கிவிடுகிறவரைப் பற்றிப் பேசுகிறது. களப்பணியில் அப்படித் தூங்கினால் 14 ஆண்டுகள் வரை, மற்ற நேரத்தில் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். டியூட்டி போன்காரரோ தூங்க அனுமதிக்கப்பட்ட காவலாளி. விழித்திருப்பது அவருடைய கடமை அல்ல, எழுந்துகொள்வதுதான் கடமை. பழைய சட்டத்தின் கண்ணுக்கு இப்படி ஒருவர் புதிர்தான். நிற்பவரையும் தெரியும், விடுப்பில் போனவரையும் தெரியும். படுத்துக்கொண்டே பணியில் இருப்பவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

கயிற்றை நிமிடத்தில் அளந்து வெட்டும் பழக்கத்தை மிகப் பெரிய அளவில் செய்துகாட்டியது அமெரிக்காவின் மூலோபாய விமானப்படைக் கட்டளையகம். சோவியத் ஏவுகணை புறப்பட்டதை ராடார் கண்டால், அது வந்து விழுவதற்குள் கிடைக்கும் எச்சரிக்கை நேரம் ஏறக்குறைய 15 நிமிடம் என்று கணக்கிட்டார்கள். ஆகவே குண்டுவீச்சு விமானங்களில் மூன்றில் ஒரு பங்கு, உத்தரவு வந்த 15 நிமிடத்துக்குள் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று முடிவானது. 1957இல் தொடங்கிய இந்த ஏற்பாடு 1960இல் அந்த மூன்றில் ஒரு பங்கை எட்டியது. அடுத்த ஆண்டு கென்னடி அரசு அதைப் பாதியாக உயர்த்தியது.

இந்த 15 நிமிடம் விமானக் குழுவினரின் வாழ்க்கையை என்ன செய்தது என்பது சுவையான கதை. ஓடுபாதை ஓரத்தில், பாதி மண்ணுக்குள் புதைந்த கட்டடங்களில் அவர்களை வாரக்கணக்கில் தங்கவைத்தார்கள். கட்டடத்துக்கு எலிவளை போன்ற ஒரு செல்லப்பெயரும் வந்தது. தளத்துக்குள்ளேயே தேவாலயத்துக்கோ கடைக்கோ போகலாம். ஆனால் குழுவாகத்தான் போக வேண்டும், வண்டி வாசலிலேயே தயாராக நிற்க வேண்டும், போகிற இடத்தில் அபாயச் சங்கு கேட்க வேண்டும். மனைவியும் குழந்தைகளும் பார்க்க வருவதற்கென்று வேலிக்குப் பக்கத்தில் தனி இடம் கட்டிக்கொடுத்தார்கள். சங்கு ஒலித்தால் குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு ஓட வேண்டியதுதான். ஓடும்போது இது பயிற்சியா, உலகத்தின் கடைசி நாளா என்று அவருக்குத் தெரியாது.

இப்படி அளந்து வெட்டிய கயிற்றின் மறுமுனை எதில் கட்டப்பட்டிருந்தது என்பது 1961 நவம்பர் 24ஆம் தேதி இரவு தெரியவந்தது. ஒமாஹாவில் இருந்த கட்டளையகத்துக்கும் வட அமெரிக்க வான்காப்பு மையத்துக்கும், கிரீன்லாந்தின் தூலே ராடார் நிலையத்துக்கும் இடையிலான தொலைபேசித் தொடர்புகள் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. ஒரு கம்பி அறுந்தால் பழுது. எல்லாம் சேர்ந்து அறுந்தால் தாக்குதல் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும் என்று திட்டமிட்டுப் போட்ட தனித்தனி வழிகள் அல்லவா அவை? தளங்களில் சங்கு ஒலித்தது, குழுவினர் விமானங்களுக்கு ஓடினார்கள். தூலே பக்கம் வானில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பி-52 விமானத்தைத் தொடர்புகொண்டு, ராடார் நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டார்கள். பிறகு விசாரித்தால், தனித்தனி வழிகள் என்று காகிதத்தில் எழுதியிருந்தவை எல்லாம் கொலராடோவில் ஒரே தொலைபேசி நிலையத்தின் வழியாகப் போயிருக்கின்றன. அங்கே ஒரு மோட்டார் சூடேறிப் பழுதாகிவிட்டது. ஒரு மோட்டாரின் சூட்டுக்காக எத்தனையோ பேர் காலணியை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

இந்தியாவில் தயார்நிலைப் பணி என்றதும் நினைவுக்கு வருவது 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். விமானப்படையின் 18ஆவது அணியைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் சேகோன் அன்று காலை அந்தப் பணியில் இருந்தார். ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்கள் தளத்தைத் தாக்க வந்தன. முன்னால் கிளம்பிய விமானம் கிளப்பிய புழுதியால் அவரால் உடனே கிளம்ப முடியவில்லை. ஓடுபாதையில் குண்டுகள் விழத் தொடங்கிய பிறகு, அதன் நடுவிலேயே தன் நாட் விமானத்தை எழுப்பினார். சண்டையிட்டு அதிலேயே உயிர்விட்டார். பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். அவருடைய 18ஆவது அணி, இடையில் கலைக்கப்பட்டு, 2020இல் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. வீரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தச் சில நிமிடச் சண்டையைத்தான் சொல்கிறோம். அதற்கு முன்னால் எத்தனை காலைகள், எதுவும் நடக்காமல், அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ராணுவச் சேவையில் பெரும்பகுதி அந்தக் காலைகள்தான்.

சரி, எதுவும் நடக்காத அந்தக் காலைகள் வேலையா, ஓய்வா?

இந்தக் கேள்வியை மிகவும் கறாராகக் கேட்டவர், ஐரோப்பாவின் சின்னஞ்சிறு நாடுகளில் ஒன்றான ஸ்லோவேனியாவின் முன்னாள் படைவீரர் ஒருவர். தீர்ப்பில் அவர் பெயர் பி.கே. என்ற இரண்டு எழுத்துகளாக மட்டும் இருக்கிறது. 2014 பிப்ரவரி முதல் 2015 ஜூலை வரை மாதத்தில் ஒரு வாரம், ஏழு நாளும் இருபத்துநான்கு மணி நேரமும், அவர் பாசறையில் காவல் பணியில் இருந்தார். சில நேரம் உண்மையாகவே கண்காணிக்கும் வேலை. மற்ற நேரம் கூப்பிட்டால் கிடைக்கும்படி அங்கேயே இருந்தால் போதும். யாராவது முன்னறிவிப்பில்லாமல் வந்தால் படிவத்தில் குறிக்க வேண்டும், மேலதிகாரிகள் சொன்னதைச் செய்ய வேண்டும். நாளுக்கு 8 மணி நேரத்தை வேலையாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுத்தது அரசு. மீதி நேரத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் காத்திருப்புப் படி. முழு நேரத்தையும் வேலையாகக் கணக்கிட்டு மிகைநேர ஊதியம் தர வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் பேரமர்வு வரை போனது.

அந்த நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒன்றியத்தின் வேலைநேர நெறிமுறை (2003ஆம் ஆண்டின் 88ஆவது எண்) வாரத்துக்குச் சராசரியாக 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நாளுக்குத் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதன் கண்ணில் ஒரு மணி நேரம் என்பது வேலை நேரமாக இருக்க வேண்டும் அல்லது ஓய்வு நேரமாக இருக்க வேண்டும். மூன்றாவது பெட்டி கிடையாது. கட்டிய மாட்டுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் அதைப் பிடித்து இரண்டில் ஒரு பெட்டிக்குள் தள்ள வேண்டியிருந்தது. இதற்கு முந்தைய நெறிமுறையின் கீழ், 2000இல் ஸ்பெயின் மருத்துவர்கள் வழக்கிலும், 2003இல் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் வழக்கிலும், மருத்துவமனையிலேயே தங்கிக் காத்திருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம்தான் என்று தீர்ப்பானது. மருத்துவருக்கு அறையும் கட்டிலும் கொடுத்திருக்கிறார்களே, தூங்கத்தானே செய்கிறார் என்ற வாதம் எடுபடவில்லை. வேறொருவர் சொன்ன இடத்தில் தூங்குவதும் வேலைதான் என்றாகிவிட்டது.

வீட்டில் இருந்தபடி தொலைபேசியோடு காத்திருப்பவர் கதை இன்னும் சிக்கலானது. அங்கேதான் நிமிடங்கள் உள்ளே வருகின்றன. பெல்ஜியத்தின் நிவெல் நகரத் தன்னார்வத் தீயணைப்பு வீரர், அழைத்த 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வர வேண்டும். அவர் வீட்டில் இருந்த நேரமும் வேலை நேரமே என்று 2018இல் தீர்ப்பு. எட்டு நிமிடத்தில் வந்துசேர வேண்டியவரின் வீடு, நிலையத்தின் ஓர் அறைபோலத்தானே? ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில் 20 நிமிடம். சீருடையில், அரசு கொடுத்த வாகனத்தில் நகர எல்லையை அடைய வேண்டும். ஸ்லோவேனியாவின் மலைமேல் ஒளிபரப்பு நிலையத் தொழில்நுட்பப் பணியாளருக்கு ஒரு மணி நேரம். 2021 மார்ச் 9ஆம் தேதி இந்த இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றம் ஓர் அளவுகோலைக் கொடுத்தது: காத்திருக்கும்போது ஒருவர் தன் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிடும் வாய்ப்பைக் கட்டுப்பாடுகள் மிகப் பெரிய அளவில் பறிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், சராசரியாக எத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்பவை அதற்கு அடையாளங்கள். சுற்றிலும் மலையும் காடும்தான் இருக்கிறது, பொழுது போகவில்லை என்பதெல்லாம் கணக்கில் சேராது. அந்தக் குறை இயற்கையுடையது, முதலாளியுடையது அல்ல.

நிமிடம் மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. டப்ளினில் ஒரு தீயணைப்பு வீரர் 10 நிமிடத்துக்குள் வர வேண்டும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் டாக்சி ஓட்டிச் சம்பாதிக்கலாம், அழைப்புகளில் கால்பங்கைத் தட்டிக்கழிக்கவும் உரிமை உண்டு. அது வேலை நேரம் அல்ல என்ற பக்கமே 2021 நவம்பரில் தீர்ப்பு சாய்ந்தது. எட்டு நிமிடக்காரர் உள்ளே, பத்து நிமிடக்காரர் வெளியே. இரண்டு நிமிட வித்தியாசமல்ல இது. கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொள்ள அனுமதி உண்டா இல்லையா என்பதே வித்தியாசம். அந்த அனுமதி எந்த ராணுவத்திலும் இல்லை என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

பி.கே. வழக்குக்குத் திரும்புவோம். 2021 ஜூலை 15ஆம் தேதி வந்த தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும் கத்தி. படைவீரர் என்பதாலேயே ஒருவர் வேலைநேர நெறிமுறைக்கு முழுக்க வெளியே போய்விட மாட்டார் என்றது நீதிமன்றம். படையில் அலுவலகப் பணி, பராமரிப்பு, மருத்துவம், அமைதிக்கால வாயில் காவல் எல்லாம் இருக்கின்றன. இவை மற்றவர்கள் செய்யும் வேலைகளைப் போன்றவையே. ஆனால் தொடக்கப் பயிற்சி, போர்ப் பயிற்சி, உண்மையான ராணுவ நடவடிக்கை, ஆள் மாற்றி ஆள் போட முடியாத தனித்தன்மை கொண்ட பணிகள், அசாதாரண நெருக்கடிகள் ஆகியவை அந்த நெறிமுறைக்கு வெளியே நிற்கும். படை நடவடிக்கைக்குக் குந்தகம் வரும் என்றாலும் வெளியேதான். அதோடு, சம்பளத்தை அந்த நெறிமுறை தீர்மானிப்பதில்லை. காத்திருந்த நேரத்துக்கும் உண்மையாக வேலை செய்த நேரத்துக்கும் வேறுவேறு விகிதத்தில் ஊதியம் தருவதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. பணம் கேட்டு வந்தவருக்கு லக்சம்பர்க் கொடுத்தது ஓய்வைப் பற்றிய விளக்கம். நீதிமன்ற வாசல் ஏறியவர்களுக்கு இது புதிய அனுபவமாக இராது.

தீர்ப்பைக் கண்டு ஸ்லோவேனியாவைவிட பிரான்ஸ்தான் கொதித்தது. அந்த நாட்டின் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வரி உண்டு: படைவீரர்கள் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் பணிக்கு அழைக்கப்படலாம். பிரெஞ்சு ராணுவம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கருத்து முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். மணிக்கணக்குப் பார்க்கும் சிப்பாய் சிப்பாயே அல்ல என்ற தொனியில் முன்னாள் பிரதமர் எத்வார் ஃபிலிப் உட்படப் பலர் பேசினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்த பிறகு மேலதிகாரியின் அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமையை 2017 ஜனவரி முதல் தன் தொழிலாளர்களுக்குச் சட்டமாக்கிக் கொடுத்ததும் அதே பிரான்ஸ்தான். சிவிலியனுக்கு அணைத்துவைக்க உரிமை. சீருடைக்காரருக்கு எடுத்தே ஆக வேண்டிய கடமை. இரண்டையும் ஒரே நாடாளுமன்றம்தான் எழுதியது.

பக்கத்து நாடான ஜெர்மனி சத்தமில்லாமல் வேறு வழியில் போயிருந்தது. 2016 ஜனவரி முதலே அங்கே படைவீரர்களுக்கு வேலைநேர ஆணை ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அன்றாட அமைதிக்காலப் பணியில் வாரத்துக்கு 41 மணி நேரம். இரண்டு நாடுகளும் ஒரே கூட்டணியில், ஒரே எதிரியை நினைத்துப் பயிற்சி செய்கின்றன. ஒரு நாட்டுச் சிப்பாய் மணி பார்க்கிறார், இன்னொருவர் பார்ப்பதில்லை. ஜெர்மானிய ஏற்பாடு படையை மெத்தனமாக்கிவிட்டது என்று சொல்பவர்கள் அங்கேயே உண்டு. ஆனால் காகிதத்தில் எழுதிய நேரம் ஒன்று இருந்தால்தான் அதை மீறும்போது மீறுகிறோம் என்றாவது தெரியும் என்பது என் எண்ணம். எழுதாத கயிற்றை எவ்வளவு சுருக்கினாலும் யாருக்கும் கணக்கு இல்லை.

பிரான்சில் விவகாரம் ஜாந்தார்ம்கள் வழியாக உள்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கு வந்தது. இவர்கள் காவல்துறை வேலை செய்யும் ராணுவத்தினர். பணியின் தேவைக்காக அரசு கொடுக்கும் பாசறைக் குடியிருப்பிலேயே குடும்பத்தோடு வாழ வேண்டியவர்கள். அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, பணியிடத்தில் இருக்கிறார்களா? சமையலறையும் பாசறைதான், பாசறையும் வீடுதான். 2021 டிசம்பர் 17ஆம் தேதி வந்த தீர்ப்பு, தங்கள் குடியிருப்பில் காத்திருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் அந்த நேரம் வேலை நேரம் ஆகிவிடாது என்றது. வாரத்துக்கு 48 மணி நேர வரம்பு மீறப்படவில்லை என்று முடித்துக்கொண்டது. ஐரோப்பாவோடு நேருக்கு நேர் மோதாமல் நழுவிய தீர்ப்பு. சாமர்த்தியத்தை மெச்சலாம். அந்தச் சமையலறையில் நிற்பவருக்கு அதனால் எதுவும் மாறவில்லை.

சட்டம் எந்தப் பெட்டியில் போட்டாலும் உடம்பு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. 1988இல் ஸ்வீடனின் தூக்க ஆய்வாளர்கள் கப்பல் பொறியாளர்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். இயந்திர அறையின் எச்சரிக்கை மணிக்குப் பொறுப்பான இரவுகளில் அவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் குறைந்தது, இதயத் துடிப்பு உயர்ந்தது, மறுநாள் சோர்வு கூடியது. மணி அடித்து எழுந்ததால் தூக்கம் கெட்டது என்றால் வியப்பில்லை. ஆனால் மணி அடிப்பதற்கு முன்பே தூக்கம் மாறியிருந்தது. அடிக்கலாம் என்ற எண்ணமே போதுமாக இருந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் கேட்டிருந்தால் மின்முனைகள் ஒட்டாமலேயே இதைச் சொல்லியிருப்பார்கள்.

அப்படியென்றால் ஒன்றும் நடக்காத இரவுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பெரும்பாலான படைகள் மணிக்கணக்காகக் கொடுப்பதில்லை. மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடுகின்றன. பிரிட்டனில் படைவீரர் சம்பளத்தோடு எக்ஸ்-ஃபேக்டர் என்ற பெயரில் 14.5 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். எந்நேரமும் கடமைக்குக் கட்டுப்பட்டிருப்பது, குடும்பத்தைப் பிரிவது, ஆபத்து, இடமாற்றம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. இந்தியாவில் ஆறாவது ஊதியக் குழு ராணுவச் சேவை ஊதியம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஏழாவது குழுவுக்குப் பிறகு அது அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய், ராணுவச் செவிலியர் அதிகாரிகளுக்கு 10,800, ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை ஆணை பெற்ற அதிகாரிகளுக்கும் மற்றப் படிநிலை வீரர்களுக்கும் 5,200. கயிறு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, கட்டப்பட்டவரின் தோள்பட்டையைப் பார்த்து விலை வைப்பது எந்த நியாயம் என்று முன்னாள் படைவீரர்கள் கேட்பதுண்டு. அதற்கு ஒரு நேரான பதிலை நான் இதுவரை படித்ததில்லை.

சிங்கப்பூரில் கயிறு பாசறையை விட்டே வெளியே வந்து நகரம் முழுவதும் ஓடுகிறது. 1967 முதல் அங்கே ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். தமிழ் இளைஞர்களும் அதில் உண்டு. முழுநேரச் சேவை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் தயார்நிலை வீரர்களாக நீடிக்கிறார்கள். அணிதிரட்டல் இரண்டு வகை. தொலைபேசி, குறுஞ்செய்தி வழியாக நேரடியாக வீரரை மட்டும் கூப்பிடுவது ஒன்று. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பிரிவுகளின் மறைபெயர்களை ஊரறிய அறிவிப்பது மற்றொன்று. தன் பிரிவின் மறைபெயரைக் கேட்ட கணக்கரோ ஆசிரியரோ இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் படைமுகாமுக்குக் கிளம்ப வேண்டும். கயிறு மிக நீளம். ஆனால் முளைக்குச்சி மிக ஆழமாக அடிக்கப்பட்டிருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் கயிறு எவ்வளவு தூரம் எட்டும் என்பது வேலைநேர வழக்குகளில் முடிவானது அல்ல. நம் படைகளுக்கு வேலை நேரச் சட்டமே இல்லை. அரசமைப்பின் 33ஆவது உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. இங்கே அந்தக் கேள்வி ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குகளின் வழியாக, பக்கவாட்டில் நுழைந்தது. அடிபட்டபோது சிப்பாய் பணியில் இருந்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. முப்படை விடுப்பு விதிகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது: தற்செயல் விடுப்பு பணிக்காலமாகவே கணக்கிடப்படும். ஊருக்குப் போகிறார், ஆனால் பணியில் இருக்கிறார்.

1999இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு ஒன்று. தற்செயல் விடுப்பில் ஊருக்குப் போன படைவீரர் ரயிலிலிருந்து இறங்கும்போது விபத்தில் கையை இழந்தார். அரசுச் செலவில் பயணம் செய்திருந்தால்தான் ஓய்வூதியம், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்ததால் இல்லை என்றது நிர்வாகம். விதியை அவ்வளவு குறுக்கிப் படிக்கக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கச் சொன்னது. 2011இல் இன்னொரு வழக்கு. ஆண்டு விடுப்பில் ஊரில் இருந்த வீரர் ஒருவர் சாலை விபத்தில் அடிபட்டார். அந்தக் காயத்துக்கும் ராணுவச் சேவைக்கும் தொடர்பில்லை என்று அதே நீதிமன்றம் கைவிரித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கயிறு ரயில் நிலையத்தின் நடைமேடை வரை எட்டுகிறது. அங்கிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அது முடிந்துவிடுகிறது. அவர் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி மட்டும் வீடு வரை போகிறது.